பழைய டேப்லெட்டின் வயது

தாராவியின் 90 அடிச் சாலையிலோ மாட்டுங்கா லேபர் கேம்ப்பை ஒட்டிய சந்துகளிலோ உள்ள கைப்பேசி பழுதுநீக்கும் கடை ஒன்றில், வேகம் குறைந்துபோன டேப்லெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் முதலில் திரையைப் பார்ப்பார். பிறகு பேட்டரியைச் சோதிப்பார். இறுதியில், "போர்டு நல்லாத்தான் இருக்கு, சாஃப்ட்வேர்தான் பழசாயிடுச்சு" என்பார். அன்றாடம் கேட்கும் இந்தச் சொல்லில் சற்று நின்று யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மரமும் இரும்பும் தேய்ந்து பழையன ஆகின்றன. மென்பொருளுக்குத் தேய்மானம் கிடையாது. பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நிரல் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே அந்தச் சில்லில் கிடக்கிறது. அது பழையதாகிவிட்டது என்றால், அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துவிட்டது என்றும், அதை உடன் அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் அழைத்துச் செல்லவில்லை என்றும் பொருள்.

விலை குறைந்த டேப்லெட்டைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கலாம். தாராவியின் ஒற்றையறை வீடுகளில் இத்தகைய கருவி ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பது அரிது. அக்கா டிப்ளமோ படித்தபோது வாங்கியது தம்பியின் பத்தாம் வகுப்புக்குப் போகும்; அவன் முடித்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகும். செம்பூரின் நடுத்தர வீடுகளில் இழுப்பறைக்குள் போய்ச் சேரும் அதே கருவி இங்கே மூன்றாவது கையில் இருக்கும். 2020 மார்ச்சில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது பரண்களில் கிடந்த பழைய கருவிகளும் கீழே இறங்கின. மின்னேற்றினால் திரை ஒளிரும். ஆனால் வகுப்புக்கான செயலியை நிறுவப் போனால், இந்தக் கருவிக்கு இது பொருந்தாது என்ற ஒற்றை வரி தோன்றும். அந்த வரிக்குக் காரணம் கண்ணாடியோ சில்லோ அன்று, ஆண்ட்ராய்டின் பதிப்பு எண் என்பதை அறிந்துகொள்ள ஒரு பத்தாம் வகுப்பு மாணவனுக்கு வழியேதும் இல்லை.

மென்பொருள் மாறினால் மலிவான டேப்லெட் எப்படி மாறும் என்பதை இந்தியா ஏறத்தாழப் பொதுவெளிச் சோதனையாகவே நடத்திப் பார்த்திருக்கிறது. அதன் ஒரு பகுதி செம்பூரிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், பவாய் ஏரிக்கரையிலுள்ள மும்பை ஐஐடியில் நடந்தது. 2011 அக்டோபர் 5 அன்று அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட முதல் ஆகாஷ், 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி நினைவகமும் அழுத்தித் தொட வேண்டிய திரையும் கொண்டது, ஆண்ட்ராய்டு 2.2 அதன் இயங்குதளம். பத்திரிகைகள் அதன் விலையைக் கொண்டாடின. கையில் வாங்கியவர்கள் அதன் வேகத்தை நொந்துகொண்டார்கள். பின்னர்த் திட்டத்தின் பொறுப்பு மும்பை ஐஐடியிடம் வந்தது. பேராசிரியர் தீபக் பாட்டக் அதை முன்னின்று நடத்தினார். 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2, ஆல்வின்னர் ஏ13 என்னும் 1 கிகாஹெர்ட்ஸ் சில்லும் 512 எம்பி நினைவகமும் ஆண்ட்ராய்டு 4.0 பதிப்பும் கொண்டிருந்தது.

2.2, 4.0 ஆகிய இரண்டு எண்களுக்கும் இடையில் இருந்த மிகப் பெரிய வேறுபாட்டை அன்றைய விமர்சனங்களில் பலவும் கவனிக்கவில்லை. தமிழ் படிப்பவருக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு 2.2 காலத்துக் கருவிகள் பெரும்பாலானவற்றில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டங்களே தெரியும். எழுத்துருவை எப்படியோ உள்ளே ஏற்றினாலும் சிக்கல் தீராது. யூனிகோடு முறையில் மெய்யின் குறி முதலிலும் உயிரின் குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. ஆனால் எழுத்தில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்க்கு இடப்பக்கம் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய இயங்குதளத்துக்குள் தனியான வடிவாக்கப் பொறி வேண்டும். அது இல்லாத கருவியில் 'செம்பூர்' என்று வந்தால், சகரத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் மகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'கோவில்' என்றால் ககரம் தனியே நிற்க, கொம்பும் காலும் வெளியே அலையும். அக்காலத்தில் தமிழ் படிக்க விரும்பியோர் ஓப்பரா மினி உலாவியின் மறைவான அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, சிக்கலான எழுத்து முறைகளைப் படமாக மாற்றிக் காட்டும் தெரிவை இயக்கி, எழுத்தை எழுத்தாக அன்றிப் படமாகப் படித்தார்கள். படமாக வந்த சொல்லை நகலெடுக்க முடியாது. குறிப்பேட்டில் ஒட்டவும் முடியாது. ஆய்வு மாணவருக்கு இது சிறு குறை அன்று.

ஆண்ட்ராய்டு 4.0, தேவநாகரி, வங்காளம் ஆகியவற்றோடு தமிழுக்கும் எழுத்துருவைத் தன்னுள் கொண்டு வந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் வடிவாக்கம் சீரடைந்தது. 2014 இறுதியில் வந்த 5.0 பதிப்பில் அமைப்புப் பட்டியல்களே தமிழில் கிடைத்தன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் அதற்குள் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் வரை பலவற்றை யூனிகோடில் இணையத்தில் வைத்திருந்தது. பழைய பதிப்பில் அந்த நூலகம் முழுவதும் கட்டங்களின் குவியல்; புதிய பதிப்பில் அதே கோப்புகள் படிக்கக்கூடிய நூல்கள். கோப்பில் ஒரு பைட்டும் மாறவில்லை. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தும் நகரம். ஒரு கருவி தமிழைக் காட்டுமா, காட்டாதா என்பது இங்கே அலங்காரப் பிரச்சினையாக இருக்க முடியாது.

மும்பை ஐஐடியில் நடந்த மற்றொரு வேலை இதைவிடத் துணிச்சலானது. ஆல்வின்னர் சில்லுகளுக்கு ஓர் இயல்பு உண்டு: கருவியைத் தொடங்கும்போது உள் நினைவகத்துக்கு முன்பே மெமரி கார்டைப் பார்க்கும். ஆகவே தயாரிப்பாளர் வைத்த இயங்குதளத்தைத் தொடாமலே கார்டில் வேறோர் இயங்குதளத்தை வைத்துக் கருவியை எழுப்பலாம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய ஃபாசி திட்டத்தைச் சார்ந்த குழுவினர் இவ்வழியில் ஆகாஷ் 2 கருவியில் க்னூ லினக்ஸை இயக்கிக் காட்டினார்கள். ஆண்ட்ராய்டுக்குள்ளேயே சி, பைத்தான், சைலாப் நிரல்களை எழுதி இயக்கும் வசதியையும் அமைத்தார்கள். அரசு 2,263 ரூபாய்க்கு வாங்கிய கருவி அது. விளையாடவும் படம் பார்க்கவும் மட்டுமே ஏற்றது என்று ஒதுக்கப்பட்ட ஏழு அங்குலப் பலகையில் பொறியியல் மாணவர் அணிக்கணக்கு போடலாம் என்ற நிலையை எந்தப் புதிய சில்லும் உருவாக்கவில்லை. அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் தமிழிலும் இருந்தன என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இத்திட்டம் எதை நோக்கிச் சென்றது என்பது புலப்படும்.

ஆகாஷைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் கல்வித் துறையில் இன்றும் இருக்கிறது. விலை, விநியோகம், தரம் ஆகியவற்றைப் பற்றிய குறைகளில் நியாயம் உண்டு. ஆயினும் அதன் உண்மையான துயரம் நாட்காட்டியில் இருக்கிறது. 2013 அக்டோபர் 31 அன்று ஆண்ட்ராய்டு 4.4 வெளிவந்தது. 512 எம்பி நினைவகம் கொண்ட கருவிகளிலும் நன்றாக ஓட வேண்டும் என்பது அந்தப் பதிப்பின் வெளிப்படையான குறிக்கோள். நினைவகத்தில் அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளைச் சுருக்கி நினைவகத்துக்குள்ளேயே மடித்து வைக்கும் நுட்பத்தை அது ஊக்குவித்தது. பத்துக்குப் பத்து அறையில் போட்மாளா கட்டி, பாயையும் பெட்டியையும் அதில் ஏற்றி வைத்தால் தரையில் உட்கார இடம் கிடைப்பதைப் போன்றது இது. ஆகாஷ் 2 போன்ற 512 எம்பி கருவிகளுக்கென்றே தைக்கப்பட்ட சட்டை போல ஒரு பதிப்பு ஓராண்டு கழித்து வந்தது. உலகெங்கும் இருந்த அவ்வகை மலிவுக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போய்ச் சேரவில்லை. கருவியை விற்ற நிறுவனம் அடுத்த மாதிரிக்குப் போயிருந்தது. படவேகச் சில்லுக்கான இயக்கி நிரல் மூடிய நிலையில் இருந்ததால் ஆர்வலர்களாலும் எளிதில் முன்னேற முடியவில்லை. மாலி 400 என்னும் அந்தச் சில்லுக்கான திறந்த இயக்கி லினக்ஸ் 5.2 பதிப்பில், 2019-இல் இடம்பெற்றது. ஏழு ஆண்டு தாமதம்.

புதுப்பிப்பு முறையாக வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டு, ஆசுஸ் தயாரித்து கூகுள் 2012-இல் 199 டாலர் தொடக்க விலையில் விற்ற முதல் நெக்சஸ் 7. முதல் சில மாதங்கள் சுறுசுறுப்பாக இருந்த அது ஓராண்டுக்குள் தள்ளாடத் தொடங்கியது. காரணம் சேமிப்பகத்தில் இருந்தது. ஒரு கோப்பை அழிக்கும்போது இயங்குதளம் தன் பட்டியலிலிருந்து மட்டும் பெயரை நீக்குகிறது. அந்த இடம் காலியாகிவிட்டது என்று சேமிப்புச் சில்லுக்குச் சொல்வதில்லை. சாலில் குடியிருந்தவர் திருநெல்வேலிக்குத் திரும்பிப் போன பிறகும் பதிவேட்டில் அவர் பெயர் கிடந்தால், புதியவரைக் குடியேற்ற ஒவ்வொரு முறையும் ஏட்டைப் புரட்ட வேண்டியிருக்கும் அல்லவா, அதுபோல. சில்லோ செத்த தரவையும் உயிருள்ளதாக எண்ணி இடம்விட்டு இடம் நகலெடுத்துக்கொண்டே இருக்கும். 2013 சூலையில் வந்த 4.3 பதிப்பு, கருவி ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, காலியான இடங்களைச் சில்லுக்குத் தெரிவிக்கும் ஒரு சிறு வேலையைச் சேர்த்தது. பழைய நெக்சஸ் 7 மீண்டும் நடக்கக்கூடியதாயிற்று. திருகாணி ஒன்றுகூடக் கழற்றப்படவில்லை.

அதே கருவிக்கு அடுத்த ஆண்டு 5.0 வந்தது. அதை நிறுவிய பலர், கருவி பயன்படுத்த முடியாத அளவு மெதுவாகிவிட்டது என்று முறையிட்டார்கள். பழைய பதிப்புக்குத் திரும்பியோரும் உண்டு. ஒரே டேப்லெட்டை ஒரு புதுப்பிப்பு மீட்டது, மற்றொன்று முடக்கியது. ஆகையால் புதியது எதுவாயினும் நல்லது என்ற விளம்பர வாக்கை ஏற்க வேண்டியதில்லை. ஆனால், 'அப்டேட் போட்டால் கருவி கெட்டுவிடும்' என்று எல்லாவற்றையும் மறுக்கும் வீட்டு வழக்கமும் பிழையானதே. புதிய பதிப்பு வேறு, பாதுகாப்புத் திருத்தம் வேறு. முன்னது கருவியின் வலிமைக்கு மிஞ்சியதாக இருக்கலாம். பின்னது பெரும்பாலும் ஓட்டையை அடைப்பது. 2015-இல் வெளிப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் குறைபாடு, ஒரு பல்லூடகச் செய்தியைக் கொண்டே கருவிக்குள் புக இடம் கொடுத்தது. அதன் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் திருத்தம் வெளியிடும் முறைக்கு வந்தது.

வேகமும் பாதுகாப்பும் போக மூன்றாவது ஒன்று உண்டு. பழைய கருவிகளின் சாவுக்கு அதுவே பெரும்பாலும் காரணமாயினும், அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஓர் இணையதளம் தன்னை நிறுவ ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அச்சான்றிதழுக்குக் கையெழுத்திட்டவரை நம்பலாமா என்பதைக் கருவிக்குள் உள்ள மூலச்சான்றுப் பட்டியலைக் கொண்டே உலாவி முடிவு செய்கிறது. பட்டியல் இயங்குதளத்தோடு வருவது. இயங்குதளம் புதுப்பிக்கப்படாவிட்டால் பட்டியலும் உறைந்துவிடும். இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் புதிய மூலச்சான்று ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கருவிகளில் இல்லை. 2020 இறுதியில் அவ்வமைப்பே சுட்டிய கணக்கின்படி, புழக்கத்திலிருந்த ஆண்ட்ராய்டு கருவிகளில் 33.8 விழுக்காடு இந்த நிலையில் இருந்தன. அவர்கள் சார்ந்திருந்த பழைய மூலச்சான்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாக இருந்தது. மூலச்சான்றின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்ற இடைவெளியைப் பயன்படுத்தி, குறுக்குக் கையெழுத்து ஒன்றின் மூலம் 2024 வரை காலத்தை நீட்டித்தார்கள். இதைப் போன்ற கருணை மென்பொருள் உலகில் அரிது. அந்த இடைக்காலத்தில் பலரும் பரிந்துரைத்த மற்றொரு வழி ஃபயர்ஃபாக்ஸ். அது மூலச்சான்றுப் பட்டியலைத் தன்னோடு எடுத்து வருவது, அன்று ஆண்ட்ராய்டு 5.0 கருவியிலும் ஓடியது. இயங்குதளத்தை மாற்ற இயலாத இடத்தில் ஒரு செயலியை மாற்றியதாலேயே மூடிய தளங்கள் திறந்தன.

கதவுகள் மூடிய வரிசையையும் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பர் 27 முதல் ஆண்ட்ராய்டு 2.3.7-உம் அதற்கு முந்தையதும் கொண்ட கருவிகளில் கூகுள் கணக்கினுள் நுழைய முடியாது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று 4.0.4 வரையான பதிப்புகளை வாட்ஸ்அப் கைவிட்டது. ஆகாஷ் 2 போன்ற கருவிகளுக்கு ஐந்துவாரக் காலத்தில் வந்த இவ்விரு அறிவிப்புகளில் பின்னது இறுதி ஓலை. பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டில், ஆசிரியர்கள் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது.

மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மும்பை மாநகராட்சி 2015 முதல் வழங்கிய டேப்லெட்டுகள் வேறொரு பாடத்தைத் தருகின்றன. புத்தகச் சுமையைக் குறைக்கப் பாடங்களை உள்ளேயே ஏற்றிக் கொடுத்தார்கள். 2018-19 கல்வியாண்டில் மகாராஷ்டிர மாநில வாரியம் எட்டாம், பத்தாம் வகுப்புப் பாடத்திட்டங்களை மாற்றியது. அச்சுப் புத்தகமென்றால் புதியதை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். கருவிக்குள் இருக்கும் பாடத்தை மாற்றக் கருவியை அடைய வேண்டும், ஒப்பந்தம் இருக்க வேண்டும், செய்பவர் இருக்க வேண்டும். ஒப்பந்தப் புள்ளியில் கருவியின் எண்ணிக்கையும் விலையும் எழுதப்படும் அளவுக்குப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுக்கு என்பது எழுதப்பட வேண்டும் என்பதைக் கல்வி நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முடிவெடுக்கும் உரிமை யாரிடம் என்பதே இதன் அடிப்படைக் கேள்வி. கூகுள் பதிப்பை வெளியிடும். சில்லு நிறுவனம் இயக்கி நிரலைத் தர வேண்டும். கருவியை விற்கும் நிறுவனம் இரண்டையும் பொருத்திச் சோதித்து அனுப்ப வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க் கருவியில் இந்த மூன்றாமவருக்கு எஞ்சும் இலாபம் ஒரு நிரலாளரின் சில நாள் ஊதியத்தைக்கூடத் தாங்காது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 பதிப்போடு வந்த ட்ரெபிள் கட்டமைப்பு, சில்லைச் சார்ந்த பகுதியையும் பொதுப் பகுதியையும் பிரித்து இந்த முடிச்சைத் தளர்த்தியது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10, சில உள்பகுதிகளைச் செயலி போலக் கடை வழியாகவே புதுப்பிக்க வழிசெய்தது. சட்டத்தின் பக்கம் ஐரோப்பிய ஒன்றியம் முந்திக்கொண்டது: 2025 சூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, கைப்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் அந்த மாதிரியின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டு புதுப்பிப்பைக் கட்டாயமாக்குகிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. உதிரிப் பாகம், சேவை மையம் பற்றிய பேச்சு அதில் உண்டு. மென்பொருளையும் உதிரிப் பாகமாகக் கருதும் பார்வை இங்கே இன்னும் வலுப்பெற வேண்டும்.

அதுவரை கையிலிருக்கும் கருவிக்குச் செய்யக்கூடியவை எளியவை. தரவை வேறிடத்தில் வைத்துவிட்டு, கருவியைத் தொடக்க நிலைக்குத் திருப்பி, வந்திருக்கும் திருத்தங்களை மட்டும் ஏற்றி, வேண்டாத செயலிகளை முடக்கினால் கணிசமான வேகம் மீளும். கனமான செயலிக்குப் பதில் உலாவி வழியே அதே தளத்தைத் திறக்கலாம். திருத்தம் நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கை வைத்துக்கொள்ளக் கூடாது. இணையத்தைத் துண்டித்துவிட்டு நூல் படிக்கும் பலகையாக அதை வைத்துக்கொள்வதில் தடையில்லை. ஆண்ட்ராய்டு 8-க்குப் பின் வந்த மாதிரி என்றால் லினேஜ் போன்ற மாற்று இயங்குதளங்களுக்கு வாய்ப்பு கூடுதல், ஆனால் அனுபவமுள்ளவர் அருகில் இருப்பது நல்லது.

பழைய கருவி வாங்கப் போகும் மாணவர்கள் விலை பேசுவதற்கு முன் அமைப்புகளைத் திறந்து பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பார்த்துவிட வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தைவிட அத்தேதி முந்தியதாக இருந்தால், தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அந்தக் கருவியில் ஒரு பாதுகாப்புத் திருத்தமும் ஏற்றப்படவில்லை.